எனக்கு இனிக்கிறது: ஸ்பானிய மொழியில் விருப்பத்தையும் மகிழ்ச்சியையும் சொல்லும் வினைகள்

ஆங்கிலத்தில் ‘என்ஜாய்’ என்னும் ஒரே வினையைக் கொண்டு ஒருவர் திரைப்படத்தை ரசித்ததையும், திருமண விருந்தில் மகிழ்ந்திருந்ததையும், எண்பது வயதிலும் நல்ல உடல்நலத்தோடு இருப்பதையும், சட்டம் தந்த உரிமையை அனுபவிப்பதையும் சொல்லிவிட முடிகிறது. அதன் அருகில் ‘லைக்’, ‘லவ்’, ‘ஹேவ் ஃபன்’, ‘ரெலிஷ்’, ‘சேவர்’ என்று வேறு சில வினைகளும் நிற்கின்றன. பேச்சில் இவை ஒன்றன் இடத்தில் மற்றொன்று எளிதாக வந்துவிடும். பெரிய பிழையாக யாரும் எண்ணுவதில்லை. ஸ்பானிய மொழியில் இந்தத் தாராளம் கிடையாது. அங்கே எந்த வினையை எடுக்கிறோமோ அதைப் பொறுத்து வாக்கியத்தின் எழுவாயே மாறிவிடும். ஆகவே ஆங்கிலச் சொல்லுக்கு நேரான ஸ்பானியச் சொல் எது என்று அகராதியில் தேடுவதற்கு முன்பு, அந்த வாக்கியத்தில் யார் எதைச் செய்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வதே சரியான தொடக்கம்.

இந்த வேறுபாட்டை நாள்தோறும் கோடிக்கணக்கானோர் கண்ணால் காணும் இடம் ஒன்று உண்டு. ஃபேஸ்புக்கின் ‘லைக்’ பொத்தான் ஸ்பானியத்தில் ‘மே குஸ்தா’ என்று எழுதப்பட்டிருக்கும். 2016ஆம் ஆண்டில் அதனுடன் வேறு சில உணர்ச்சிக் குறிகள் சேர்ந்தபோது, இதயக் குறிக்கு ‘மே என்கான்த்தா’ என்றும், சிரிப்புக் குறிக்கு ‘மே திவியெர்த்தே’ என்றும் பெயரிட்டார்கள். மூன்றிலும் முதலில் நிற்கும் ‘மே’ என்பதன் பொருள் ‘எனக்கு’ அல்லது ‘என்னை’ என்பதாகும். ‘நான்’ என்று அது பொருள்படாது. ஆங்கிலப் பொத்தானை அழுத்துகிறவர் தாமே ஒரு செயலைச் செய்கிறார். ஸ்பானியப் பொத்தானை அழுத்துகிறவரோ அந்தப் பதிவு தமக்கு என்ன செய்தது என்று சொல்கிறார்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு குறிப்பு. கீழே வரும் ஸ்பானியச் சொற்களில் ‘த’ எழுத்தைப் பல்லில் நா பொருந்தும்படி, நம் வழக்கப்படியே சொன்னால் போதும். ஆங்கில ‘ட’ வேண்டாம். ‘குஸ்தார்’, ‘கோஸார்’ என்பவற்றின் முதல் எழுத்தைக் ‘குரு’, ‘கோவிந்தன்’ என்பவற்றில் சொல்வது போல மென்மையாகச் சொல்ல வேண்டும். ‘கோஸார்’ போன்ற சில சொற்களில் லத்தீன் அமெரிக்காவினர் ‘ஸ’ என்று சொல்லும் ஒலியை, ஸ்பெயினின் பெரும்பகுதியினர் நாவைப் பற்களுக்கிடையில் வைத்து ஒலிக்கிறார்கள். இங்கே லத்தீன் அமெரிக்க ஒலிப்பையே பின்பற்றியிருக்கிறேன்.

முதலில் ‘குஸ்தார்’. ‘எனக்குக் காப்பி பிடிக்கும்’ என்பதை ஸ்பானியத்தில் ‘மே குஸ்தா எல் கஃபே’ என்பார்கள். ஆங்கிலேயருக்கு இந்த அமைப்பு தலைகீழாகத் தெரியும். ‘காப்பி எனக்கு மகிழ்வூட்டுகிறது’ என்று சுற்றிவளைத்து விளக்கினால்தான் அவர்களுக்குப் புரியும், பாடநூல்களில் இதற்கென்றே தனி அத்தியாயம் ஒதுக்கியிருப்பார்கள். தமிழருக்கு அந்த அத்தியாயம் பாதிக்கு மேல் தேவையில்லை. ‘நான் காப்பியை விரும்புகிறேன்’ என்று கடையில் யாரும் பேசுவதில்லை. ‘எனக்குக் காப்பி பிடிக்கும்’ என்றுதான் பேசுகிறோம். விரும்புகிறவர் நான்காம் வேற்றுமையில் நிற்பது இரண்டு மொழிக்கும் பொது. ஆங்கிலத்தை இடையில் நிறுத்தாமல் தமிழிலிருந்து நேராகச் சென்றால் ‘மே குஸ்தா’ முதல் நாளிலேயே நாவில் படிந்துவிடும்.

ஆனால் இந்த ஒற்றுமையை முழுதாக நம்பிவிடக் கூடாது. ‘எனக்கு உன்னைப் பிடிக்கும்’ என்னும் வாக்கியத்தைப் பாருங்கள். ‘உன்னை’ என்பது இரண்டாம் வேற்றுமை. அதாவது பிடித்த ஆள் செயப்படுபொருளாக நிற்கிறார், வினையோ யாரையும் சாராமல் ‘பிடிக்கும்’ என்றே நிற்கிறது. அஃறிணைப் பொருள்களில் ‘ஐ’ உருபு மறைந்து ‘காப்பி பிடிக்கும்’ என்று வருவதால் நாம் இதைக் கவனிப்பதில்லை. ஸ்பானியத்தில் பிடித்த பொருளே எழுவாய்; வினை அதனுடன் எண்ணிலும் இடத்திலும் ஒத்துப்போக வேண்டும். காப்பி ஒன்று என்றால் ‘மே குஸ்தா எல் கஃபே’. மாம்பழங்கள் பல என்றால் ‘மே குஸ்தான் லோஸ் மாங்கோஸ்’. (அந்த ‘மாங்கோ’ என்ற சொல்லே தென்னிந்தியக் கரையிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்ற நம் மாங்காய்தான்.) ‘எனக்கு உன்னைப் பிடிக்கும்’ என்பது ‘மே குஸ்தாஸ்’ என்று ஆகும், அந்த ஈற்று ‘ஸ்’ முன்னிலைக்கு உரிய விகுதி. ‘உனக்கு என்னைப் பிடிக்குமா?’ என்று கேட்க வேண்டுமானால் ‘தே குஸ்தோ?’ என்று தன்மை விகுதி வரும். தமிழ்ப் பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் ‘குஸ்தா’ என்றே சொல்லிவிடுவதுதான் நம்மவர்களிடம் எளிதில் நேரும் பிழை.

ஆகவே ‘குஸ்தார்’ என்பதைப் ‘பிடித்தல்’ என்று மனப்பாடம் செய்வதைவிட, ‘இனித்தல்’ என்று வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. ‘எனக்கு மாம்பழம் இனிக்கிறது, மாம்பழங்கள் இனிக்கின்றன, நீ இனிக்கிறாய், நான் உனக்கு இனிக்கிறேனா’ என்று சொல்லிப் பாருங்கள். ஆள் நான்காம் வேற்றுமையில் நிற்க, பொருள் எழுவாயாக நின்று வினையின் விகுதியை மாற்றுகிறது. ஸ்பானிய வாக்கியத்தின் எலும்புக்கூடு இதுவேதான். லத்தீனில் இந்த வினையின் மூலத்துக்குச் ‘சுவைத்தல்’ என்பதே பொருள் என்பதும், இன்றும் ‘குஸ்தோ’ என்றால் சுவை என்பதும் இந்த நினைவுக்கு இன்னும் துணை செய்யும். ‘எனக்குத் தலை வலிக்கிறது, கால்கள் வலிக்கின்றன’ என்பதும் இதே அமைப்புதான். ஸ்பானியத்திலும் வலியைச் சொல்லும் வினை ‘குஸ்தார்’ போலவே நடக்கிறது.

இரண்டு இடங்களில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். ‘அம்மாவுக்குக் காப்பி பிடிக்கும்’ என்று நாம் ஒருமுறை சொன்னால் முடிந்தது. ஸ்பானியத்தில் ‘ஆ மி மாத்ரே லே குஸ்தா எல் கஃபே’ என்று, அதாவது ‘என் அம்மாவுக்கு, அவருக்கு, காப்பி இனிக்கிறது’ என்று இருமுறை சொல்ல வேண்டும். அந்த ‘லே’ என்னும் சிறு சொல்லை விட்டுவிட்டால் வாக்கியம் நிற்காது. மற்றொன்று தமிழருக்கு ஆதாயமானது. ‘எனக்கு அது பிடித்திருக்கிறது’ என்பதில் வரும் ‘அது’ ஸ்பானியத்தில் வராது. ‘மே குஸ்தா’ என்ற இரண்டு சொல்லே முழு வாக்கியம். ஆங்கில வழியில் வருகிறவர்கள் ‘இட்’ என்பதற்கு ஈடாக ‘லோ’ என்ற சொல்லை நடுவில் செருகி ‘மே லோ குஸ்தா’ என்று சொல்லிவிடுவார்கள். ‘பிடிச்சிருக்கு’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிப் பழகிய நமக்கு அந்தச் சிக்கல் இல்லை.

ஒரு செயல் பிடிக்கும் என்றால் வினையின் மூல வடிவத்தை (அகராதியில் இருக்கும் வடிவத்தை) வைக்க வேண்டும்: ‘மே குஸ்தா லெயேர்’, வாசிப்பது எனக்குப் பிடிக்கும். ஆங்கிலத்தின் ‘ரீடிங்’ வடிவத்தைப் பார்த்து ‘லெயெந்தோ’ என்று எழுதுவது பிழை. அந்த வடிவம் பின்னால் வேறொரு வினையுடன் வரும். வாசிப்பதும் பாடுவதும் என்று இரண்டு செயல்களைச் சேர்த்தாலும் வினை ஒருமையிலேயே இருக்கும்.

மனிதர்களைப் பற்றிச் சொல்லும்போது ‘குஸ்தார்’ கொஞ்சம் ஆபத்தான வினை. ‘மே குஸ்தாஸ்’ என்பது நட்பாகச் சொல்லும் சொல்லாகக் கேட்காது. அதில் காதல் ஈர்ப்பு தொனிக்கும். இது நமக்குப் புதிதில்லை. ‘உங்களை எனக்குப் பிடிக்கும்’ என்று ஆசிரியரிடம் சொல்வதற்கும், ‘உன்னைப் பிடிச்சிருக்கு’ என்று ஒரு பெண்ணிடம் ஓர் இளைஞன் தயங்கித் தயங்கிச் சொல்வதற்கும், பெண் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவுடன் ‘பொண்ணைப் பிடிச்சிருக்காப்பா?’ என்று அம்மா கேட்பதற்கும் உள்ள வேறுபாடு தமிழர் எல்லோருக்கும் தெரியும். ஸ்பானியத்தில் ஒருவருடைய குணமும் பழகும் விதமும் பிடித்திருக்கிறது என்று மட்டும் சொல்வதற்கு ‘காயேர் பியென்’ என்ற தொடர் இருக்கிறது. ‘மே காயேஸ் பியென்’ என்றால் ‘உன்னோடு பழக எனக்குப் பிடித்திருக்கிறது’ என்ற அளவில் நின்றுவிடும். புதிதாகச் சேர்ந்த அலுவலக நண்பரைப் பற்றியோ மாமனாரைப் பற்றியோ பேசும்போது இந்தத் தொடரே பாதுகாப்பானது.

‘என்கான்த்தார்’ என்பது ‘குஸ்தார்’ நடக்கும் தடத்திலேயே நடக்கிற, ஆனால் இன்னும் அழுத்தமான வினை. லத்தீனில் இதற்கு மந்திரம் ஓதி மயக்குவது என்று பொருள். அந்தப் பொருளும் இன்று வரை வழக்கிலிருக்கிறது. ஆங்கிலேயர் பொருள்களைப் பற்றியும் செயல்களைப் பற்றியும் ‘லவ்’ என்று சொல்லும் இடங்களில் பெரும்பாலும் இதுதான் பொருந்தும்: ‘மே என்கான்த்தா எல் சொக்கொலாத்தே’, சாக்லேட் என்றால் எனக்கு உயிர். இந்த வினையிலேயே ‘மிகவும்’ என்ற பொருள் அடங்கியிருப்பதால், அதற்கான ‘மூச்சோ’ என்ற சொல்லை இதனுடன் சேர்ப்பதில்லை. சோற்றையும் இசையையும் ஊரையும் பற்றி ‘அமார்’ (நேசித்தல்) என்று சொல்வது இளைஞர் பேச்சில், குறிப்பாக லத்தீன் அமெரிக்காவில், காதில் விழத்தான் செய்கிறது. ஆனாலும் தொடக்க நிலையில் இருப்பவர் ‘அமார்’ என்பதை மனிதர் மீதுள்ள ஆழ்ந்த அன்புக்கென்று வைத்துக்கொள்வது நல்லது. அந்த அன்பிலும் குடும்பத்தாரிடமும் நண்பரிடமும் அன்றாடம் சொல்வது ‘தே கியேரோ’. ‘தே ஆமோ’ அதைவிடக் கனமானது.

‘அமார்’, ‘தே கியேரோ’ ஆகியவை நீங்கலாக, இதுவரை பார்த்த வினைகளில் பொருளே எழுவாய். இனி ஆள் எழுவாயாகும் வினைகளுக்கு வருவோம். ‘திஸ்ஃப்ரூத்தார்’ என்பதில் ‘நான்’ முன்னால் வந்து நிற்கிறேன். ஒன்றை எடுத்து, அதில் தோய்ந்து, அதன் பயனைப் பெறுகிறேன். கனி என்று பொருள்படும் ‘ஃப்ரூத்தோ’ இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. தமிழில் ‘துய்த்தல்’ உண்பதையும் அனுபவிப்பதையும் சேர்த்துக் குறிப்பது போன்ற பழைய தொடர்பு இது. ‘திஸ்ஃப்ரூத்தோ தே லா மூஸிகா’ என்றால் ‘இசையை ரசிக்கிறேன்’ என்று பொருள். நடுவிலுள்ள ‘தே’ இல்லாமல் ‘திஸ்ஃப்ரூத்தோ லா மூஸிகா’ என்றும் சொல்லலாம், இரண்டும் இலக்கணப்படி சரியே. செயலைச் சொல்லும்போது முன்பு ஒதுக்கிவைத்த வடிவம் இங்கே வருகிறது: ‘திஸ்ஃப்ரூத்தோ லெயெந்தோ’, வாசிப்பில் இன்பம் காண்கிறேன்.

‘மே குஸ்தா லெயேர்’ என்பதற்கும் இதற்கும் உள்ள தூரம் தமிழில் ‘பிடிக்கும்’ என்பதற்கும் ‘ரசிக்கிறேன்’ என்பதற்கும் உள்ள தூரமே. முதலாவது ஒருவருடைய விருப்பத்தைச் சொல்கிறது. அவர் ஓராண்டாகப் புத்தகத்தைத் தொடாமல் இருந்தாலும் அது உண்மையாக இருக்கலாம். இரண்டாவது, புத்தகம் கையில் இருக்கும் நேரத்தின் அனுபவத்தைச் சொல்கிறது. திரைப்படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர் ‘மே குஸ்தோ லா பெலீகுலா’ என்றால் படம் பிடித்திருந்தது என்ற தீர்ப்பு. ‘திஸ்ஃப்ரூத்தே லா பெலீகுலா’ என்றால் இரண்டு மணி நேரமும் அதில் மூழ்கியிருந்தார் என்ற செய்தி. ஆங்கிலத்தின் ‘என்ஜாய்’ இந்த இரண்டையும் பிரிக்காமல் விட்டுவிடுகிறது. ஆகவே மொழிபெயர்க்கிறவர்தான் சொன்னவருடைய மனத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஐயம் வந்தால் ‘குஸ்தார்’ பக்கம் சாய்வதே மேல், அன்றாடப் பேச்சில் அதுவே இயல்பாக வருகிறது. எல்லாவற்றுக்கும் ‘திஸ்ஃப்ரூத்தார்’ போடுகிற மொழிபெயர்ப்பு, ‘நான் இட்லியை அனுபவித்தேன்’ என்று தமிழில் எழுதுவதைப் போல, புரியும். ஆனால் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள்.

‘திஸ்ஃப்ரூத்தார்’ உடன் பிறந்தது போன்ற ‘கோஸார்’ சற்றே மாறுபட்ட வினை. ஒருபுறம் இது எழுத்து நடைக்கும் சட்டத்துக்கும் உரியது. 1889ஆம் ஆண்டின் ஸ்பானிய உரிமையியல் சட்டத் தொகுப்பின் 348ஆம் பிரிவு, சொத்துரிமை என்பது ஒரு பொருளைக் ‘கோஸார்’ செய்யவும் விருப்பம்போல் கையாளவும் உள்ள உரிமை என்று வரையறுக்கிறது. நம் கிரயப் பத்திரங்களில் ‘சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று எழுதுகிறார்களே, அந்த ‘அனுபவித்தல்’தான் இது. நிலத்தை வாங்கியவர் அதில் நின்று சிரித்து மகிழ வேண்டும் என்று பத்திரம் எழுதுபவர் எதிர்பார்ப்பதில்லை; அதன் பயன் அவருக்குச் சேர வேண்டும் என்பதே கருத்து. இதே பொருளில் ‘கோஸா தே புவேனா ஸலூத்’ என்றால் ‘அவர் நல்ல உடல்நலத்தோடு இருக்கிறார்’ என்பதாகும். செல்வாக்கு, நற்பெயர், சலுகை ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். மறுபுறம், கரீபியன் தீவுகளின் நடன அரங்குகளில் ‘கோஸார்’ என்றால் ஆடிப்பாடித் திளைப்பது. சில சூழல்களில் அதற்கு உடலின்பத்தின் சாயலும் ஏறிவிடும். இவ்வளவு விரிந்த வினையைத் தொடக்கத்தில் உடல்நலம், உரிமை, நற்பெயர் ஆகியவற்றோடு மட்டும் நிறுத்திக்கொள்வது விவேகம்.

கேளிக்கையைச் சொல்ல ‘திவெர்த்தீர்ஸே’ இருக்கிறது. இதன் ஈற்றிலுள்ள ‘ஸே’ தன்னைத்தான் குறிக்கும் சொல். ‘மே திவெர்த்தீ’ என்றால் ‘நான் குதூகலமாக இருந்தேன்’. ஃபேஸ்புக்கின் ‘மே திவியெர்த்தே’ இதே வினைதான், ஆனால் அங்கே அந்தப் பதிவு என்னைச் சிரிக்க வைக்கிறது. லத்தீனில் ‘திசைதிருப்புதல்’ என்ற பொருளிலிருந்து வந்த சொல் இது; கவலையிலிருந்து மனத்தைத் திருப்பும் விளையாட்டும் சிரிப்பும் இதன் எல்லை. துயரம் நிறைந்த நாடகத்தையும் கர்நாடக இசைக் கச்சேரியையும் ஒருவர் ‘திஸ்ஃப்ரூத்தார்’ செய்யலாம். அங்கே ‘மே திவெர்த்தீ’ என்று சொன்னால் கேட்பவர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். ஆங்கிலத்தின் ‘என்ஜாய்ட் மைசெல்ஃப்’ என்பதைப் பார்த்து ‘திஸ்ஃப்ரூத்தார்’ உடன் ‘மே’ சேர்ப்பதும் தவறு. தன்னைக் குறிக்கும் சொல் ‘திவெர்த்தீர்ஸே’க்கு மட்டுமே வேண்டும், ‘திஸ்ஃப்ரூத்தே மூச்சோ’ தனியாகவே நிற்கும்.

பொழுது நன்றாகப் போயிற்று என்று பொதுவாகச் சொல்ல ‘பஸார்லோ பியென்’ என்ற தொடர் உதவும். ‘பஸார்’ என்பதே பொழுதைக் கழிப்பதைச் சொல்லும் வினை. ஸ்பெயினில் ‘பஸார்லோ’ என்றும், லத்தீன் அமெரிக்காவின் பெரும்பகுதியில் ‘பஸார்லா’ என்றும் சொல்கிறார்கள். சுற்றுலா போய் வந்தவரிடம் ‘லோ பஸாஸ்தே பியென்?’ என்று கேட்டால், ‘நல்லாப் பொழுது போச்சா?’ என்று நாம் கேட்பது போலவே இருக்கும்.

நாவின் சுவைக்கு ‘ஸபொரேயார்’ உண்டு. மெல்ல மெல்ல ருசித்து உண்பதைச் சொல்லும், வெற்றியை ருசிப்பதையும் சொல்லும். ஆங்கிலத்தின் ‘ரெலிஷ்’ எதிர்மறையில் வரும்போது, அதாவது அந்த எண்ணமே எனக்கு உவப்பாக இல்லை என்னும்போது, ‘நோ மே ஆஸே க்ராஸியா’ என்ற மரபுத்தொடர் கைகொடுக்கும்.

இவற்றை ஓர் எடுத்துக்காட்டில் பொருத்திப் பார்ப்போம். ஒரு திருமணத்துக்குச் சென்று வந்தவர் ஆங்கிலத்தில் எழுதுகிறார் என்று கொள்வோம். ‘திருமணத்தை மிகவும் என்ஜாய் செய்தேன்’ என்பதற்கு ‘திஸ்ஃப்ரூத்தே மூச்சோ தே லா போதா’ பொருந்தும். அவர் அந்த நிகழ்ச்சிக்குள் இருந்து அனுபவித்தவர். ‘மாப்பிள்ளையை லைக் செய்தேன்’ என்பதற்குக் ‘குஸ்தார்’ போட்டால் வீட்டில் சண்டை வரும். ‘எல் நோவியோ மே காயோ பியென்’ என்பதே சரி. ‘உணவு வகைகளை லவ் செய்தேன்’ என்பது ‘மே என்கன்த்தாரோன் லோஸ் ப்ளாத்தோஸ்’ ஆகும். உணவு வகைகள் பல என்பதால் வினை பன்மையில் நிற்கிறது. ‘குழந்தைகளுக்கு ஒரே ஃபன்’ என்பதற்கு ‘லோஸ் நீஞோஸ் ஸே திவிர்த்தியெரோன்’. ‘தாத்தா இந்த வயதிலும் நல்ல உடல்நலத்தை என்ஜாய் செய்கிறார்’ என்பதற்கு ‘எல் அபுவேலோ கோஸா தே புவேனா ஸலூத்’. முதல் வாக்கியத்திலும் கடைசி வாக்கியத்திலும் ஆங்கிலத்தில் ஒரே வினைதான் இருந்தது. ‘புகைப்படங்களைப் பார்க்க ஆசை’ என்று அவர் கடிதத்தை முடித்தால் ‘மே என்கன்த்தரீயா வேர் லாஸ் ஃபோத்தோஸ்’ என்று எழுதலாம். ‘ரீயா’ என்னும் அந்த ஈறு விருப்பத்தைப் பணிவான வேண்டுகோளாக மாற்றிவிடுகிறது.

நாட்டுக்கு நாடு மாறும் சொற்களும் உண்டு. ஒன்றை இப்போது சாப்பிடலாம் போலிருக்கிறது என்பதற்கு ஸ்பெயினில் ‘அப்பெத்தெஸேர்’, மெக்சிகோவில் ‘ஸே மே அன்த்தோஹா’, கொலம்பியாவில் ‘ப்ரொவொக்கார்’. கொலம்பியர் ஒருவர் ‘லே ப்ரொவோக்கா ஊன் தின்த்தோ?’ என்று கேட்டால் பால் கலக்காத காப்பி வேண்டுமா என்று பொருள். ஸ்பெயின் நாட்டவர் காதில் அது ‘சிவப்பு ஒயின் உங்களைச் சீண்டுகிறதா?’ என்று விழும். ‘எனக்குப் பிடித்திருக்கிறது’ என்பதற்கு ஸ்பெயின் இளைஞர்கள் ‘மே மோலா’ என்றும், அர்ஜென்டினாவில் ‘மே கோப்பா’ என்றும் சொல்வார்கள். சொல் எதுவானாலும் இவை அத்தனையிலும் ஆள் ‘எனக்கு’ என்றே நிற்பதைக் கவனியுங்கள். ‘குஸ்தார்’ அமைப்பு கைவந்துவிட்டால் இவை எல்லாவற்றையும் பேசிவிடலாம்.

எஞ்சியிருப்பது, ஆங்கிலம் பேசும் உணவகப் பணியாளர்கள் தட்டை மேசையில் வைத்துவிட்டுச் சொல்லும் ஒற்றைச் சொல் ‘என்ஜாய்!’. உணவு மேசையில் இதற்கு இந்த வினைகள் எதுவும் முதன்மையாக வருவதில்லை. லத்தீன் அமெரிக்காவில் ‘புவென் ப்ரொவேச்சோ’ என்றும், ஸ்பெயினில் பெரும்பாலும் ‘கே அப்ரொவேச்சே’ என்றும் சொல்வார்கள். உண்டது உடம்பில் ஒட்டட்டும் என்பதே இரண்டின் கருத்தும். பரிசுப் பொருளையோ புதுப் புத்தகத்தையோ கொடுக்கும்போது மட்டும் ‘கே லோ திஸ்ஃப்ரூத்தேஸ்’ என்று சொல்லலாம்.